தொலைவழி உளநல மேற்பார்வையும் நோயாளியின் மொழியும்

உளநலப் பயிற்சியில் மேற்பார்வை என்பது, பயிற்சி மாணவர் நோயாளியுடன் நடத்தும் உரையாடலை மூத்தவர் ஒருவர் அறிந்து நெறிப்படுத்துவதாகும். பேச்சே முதன்மைக் கருவியாக உள்ள இத்துறையில், மேற்பார்வையாளரிடம் வந்து சேரும் மொழி யாருடையது என்பது அடிப்படை வினாவாகும். இணையவழிப் பயிற்சி பெருகியுள்ள நிலையில் இவ்வினாவின் வரலாறு ஆராயத்தக்கது.

1908இல் வியன்னாவில் சிறுவன் ஒருவனின் அச்சநோய்க்குச் சிகிச்சை அளித்தவர் அவன் தந்தையே ஆவார். அவர் அளித்த குறிப்புகளைக் கொண்டே சிக்மண்ட் ஃபிராய்டு வழிகாட்டினார். அச்சிகிச்சைக் காலத்தில் அவர் சிறுவனை நேரில் கண்டு உரையாடியது ஒருமுறையே. பின்னர் முறையான பயிற்சி நிறுவனங்கள் தோன்றிய போதும் மேற்பார்வையாளர் பெற்றது பெரும்பாலும் மாணவரின் நினைவில் நின்ற உரையாடலையே.

இந்நிலையை மாற்றியது ஒலிப்பதிவு. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் ரோஜர்ஸ் அமர்வுகளைத் தட்டுகளில் பதிவு செய்து பயிற்சிக்குப் பயன்படுத்தினார். 1942இல் வெளியிட்ட தம் நூலில் ஒருவருடைய அமர்வுகள் அனைத்தையும் எழுத்துப்பெயர்ப்பாகவே அளித்தார். மாணவர் தாம் சொன்னதாக நினைப்பதும் உண்மையில் சொன்னதும் வேறுபடுவது இதனால் புலனாயிற்று. மொழியியலாளர் சார்லஸ் ஹாக்கெட், பிட்டெஞ்சர், டேனஹி ஆகியோருடன் 1960இல் வெளியிட்ட ஆய்வு, உளமருத்துவ நேர்காணல் ஒன்றின் முதல் ஐந்து நிமிடங்களை மட்டுமே எடுத்துக்கொண்டு, தொனியையும் இடைநிறுத்தத்தையும்கூடக் குறித்துப் பகுத்தாய்ந்தது.

தொலைவைக் கடந்தது தொலைக்காட்சி. நெப்ராஸ்கா உளமருத்துவ நிறுவனம் 1959இல் இருவழித் தொலைக்காட்சியைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தியது; 1964இல் 112 மைல் தொலைவிலிருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனையுடன் இணைப்பை ஏற்படுத்தியது. இந்தியாவில் பெங்களூரின் தேசிய உளநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் தன் எண்ணிமக் கழகத்தின் வழியாகத் தொலைவிலுள்ள மருத்துவர், உளவியலாளர், செவிலியர் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கிறது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இணையவழி மேற்பார்வையை எங்கும் பரப்பியது.

ஆயினும், மைல்கள் குறைந்த அளவிற்கு மொழித் தொலைவு குறையவில்லை. பன்மொழி நாடான இந்தியாவில் மாணவர் நோயாளியின் பேச்சைத் தமிழிலோ கன்னடத்திலோ கேட்டு, ஆங்கிலத்தில் அறிக்கை தருகிறார். தமிழ் அறியாத மேற்பார்வையாளருக்கு அவ்வறிக்கையே சான்று.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். ‘பக்கத்து வீட்டுக்காரங்க என்னைப் பத்திப் பேசுறாங்க’ என்பது பேசுவோர் தாமே அறிந்ததாகக் கூறுவது. ‘பேசுறாங்களாம்’ என்பது பிறர் சொல்லக் கேட்டது. முன்னதில், நோயாளி அக்குரல்களைத் தம் காதால் கேட்டாரா என மருத்துவர் வினவ வேண்டும். பின்னதில், யார் சொன்னார் என வினவ வேண்டும். ஆங்கில அறிக்கையில் இரண்டும் ஒரே வாக்கியமாகிவிடக் கூடும். ‘கூறப்படுகிறது’ என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தாலும் சிக்கல் தீராது. நோயாளி கூறியதைக் குறிக்கவும் அச்சொல்லே அறிக்கைகளில் வழங்குகிறது. ஆகவே, ‘ஆம்’ என்னும் ஒட்டு நோயாளிக்கும் செய்திக்கும் இடையே வைத்த தொலைவு, மாணவருக்கும் நோயாளிக்கும் இடைப்பட்ட தொலைவாகத் திரிந்துவிடுகிறது. கன்னடத்தின் ‘அந்தெ’, தெலுங்கின் ‘அட’ ஆகியவற்றிற்கும் இது பொருந்தும்.

கள ஆய்வில் மொழியியலாளர் மூலத் தொடர், உருபன்வாரிப் பொருள், பெயர்ப்பு என்று மூன்று வரிகளில் தரவைப் பதிவர். நோயாளியின் இசைவோடு, முதன்மையான கூற்றுகளையேனும் அம்முறையில் எழுதி அனுப்ப மாணவரைப் பழக்கலாம். ரோஜர்ஸின் தட்டுகள் மாணவரின் நினைவைச் சரிபார்க்க உதவின. மாணவரின் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கும் வழி இன்னும் வகுக்கப்பட வேண்டும். பிழையான பெயர்ப்பின் விளைவு பிழையான நோயறிதலாக முடியும் இடத்தில், அப்பொறுப்பில் மொழியியலாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பங்குண்டு.