கோவை ஏன் பத்தே வருடத்தில் இரட்டிப்பானது?

கோயம்புத்தூரின் சென்சஸ் எண்களை வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தால் ஒரு இடத்தில் கண் நின்றுவிடும். 1971-இல் 3,56,368 பேர். 1981-இல் 7,04,514 பேர். பத்தே வருடத்தில் ஊர் இரண்டு மடங்கு! எழுபதுகளில் அங்கே அப்படி என்ன நடந்தது, தங்கச் சுரங்கமா கண்டுபிடித்தார்கள்?

அப்படி எதுவும் இல்லை. 1981-இல் கோவை மாநகராட்சி ஆனது. சிங்காநல்லூர் நகராட்சியையும் பக்கத்து ஊர்கள் பலவற்றையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. நகராட்சி எல்லையை மட்டும் பார்க்காமல், ஊரோடு ஒட்டி வளர்ந்த இடங்களையும் சேர்த்து எண்ணும் இன்னொரு கணக்கும் சென்சஸில் இருக்கிறது. அதன்படி 1971-லேயே கோவைப் பகுதியில் சுமார் 7.36 லட்சம் பேர் இருந்தார்கள். 1981-இல் அது 9.2 லட்சம். அதாவது உண்மையான வளர்ச்சி கால் பங்குதான். மீதியெல்லாம் கோட்டை நகர்த்தியதால் வந்தது.

இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. அத்தனை பேர் ஏன் கோட்டுக்கு வெளியே இருந்தார்கள்?

அதற்குக் கொஞ்சம் பின்னால் போகணும். 1901-இல் கோவையில் சுமார் 53 ஆயிரம் பேர். 1911-இல் சுமார் 47 ஆயிரம். இந்தப் பட்டியல் முழுவதிலும் ஊர் சுருங்கிய ஒரே பத்தாண்டு இதுதான். காரணம் பிளேக். செத்தவர்கள் ஒரு பக்கம், வீட்டைப் பூட்டிவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் இன்னொரு பக்கம். கோவையில் இன்றைக்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. நோயின் பெயரையே சாமிக்கு வைத்துக் கும்பிட்ட ஊர் இது.

இத்தனைக்கும் அப்போதே மில் வந்துவிட்டது. 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முதல் நூற்பாலையைத் தொடங்கினார். சுற்றிலும் பருத்திக்கேற்ற கரிசல் மண். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று நூல் அறுந்துபோகாமல் காப்பாற்றும். எல்லாம் இருந்தும் ஊர் பெரிதாக ஓடவில்லை, ஏனென்றால் இரண்டு விஷயங்கள் குறைவாக இருந்தன: தண்ணீர், மின்சாரம்.

1929-இல் சிறுவாணித் தண்ணீர் வந்தது. இதற்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார், ஆர்.எஸ்.புரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கி, அந்தக் கரண்ட் சமவெளிக்கு இறங்கியது. அதன் பிறகுதான் கோவை வேகம் பிடிக்கிறது. 1931-இல் சுமார் 95 ஆயிரம், 1941-இல் 1.3 லட்சம், 1951-இல் கிட்டத்தட்ட இரண்டு லட்சம். பருத்தியில் காசு பார்த்த நாயுடு, கவுண்டர் விவசாயக் குடும்பங்கள் அந்தக் காசை மில்லில் போட்டன.

இந்த மில்களில் பல எங்கே வந்தன என்பதைக் கவனியுங்கள். பழைய டவுனுக்குள் இல்லை. பீளமேடு, சிங்காநல்லூர் என்று அவிநாசி ரோட்டையும் திருச்சி ரோட்டையும் ஒட்டி வந்தன. மில் வைத்தவர்களின் சொந்த ஊரும் நிலமும் அந்தப் பக்கம்தான். தொழிலாளி மில்லுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தான். ஆக, கோவை என்ற பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி, சென்சஸ் தாளில் கோவைக்காரர்களே இல்லை! ரங்கவிலாஸ் மில் போராட்டத்தை ஒட்டிய வழக்கில் 1946 ஜனவரி 8 அன்று தூக்கிலிடப்பட்ட நான்கு தொழிலாளர்களையும் நாம் ‘சின்னியம்பாளையம் தியாகிகள்’ என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அன்றைய நகராட்சி எல்லைக்கு ரொம்ப வெளியே இருந்த ஊர் அது.

மில்லும் கரண்டும் சேர்ந்து இன்னொரு வேலையையும் செய்தன. கொங்குக் கிணறுகள் ஆழமானவை. மாடு கட்டிக் கவலை இறைத்துத்தான் விவசாயம். கரண்ட் வந்ததும் மோட்டாருக்குத் தேவை வந்தது. மில் இயந்திரம் பழுதானால் உதிரிப்பாகம் வார்க்க ஒரு பட்டறையும் வேண்டும். 1926-லேயே பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம் வந்திருந்தது. 1937-இல் உள்ளூரிலேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள், ஜி.டி.நாயுடு, டி.பாலசுந்தரம் இருவர் பெயரையும் இதில் சொல்வார்கள். ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் வீட்டு முன்னறையில் ஒரு லேத் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கும் வழக்கம் இந்தப் பட்டறைக் கலாச்சாரத்திலிருந்து வந்ததுதான். அப்புறம் பழைய மில்கள் ஒவ்வொன்றாக மூடியபோது இந்தச் சின்னப் பட்டறைகள்தான் ஊரைத் தாங்கின. பம்ப்செட், கிரைண்டர் என்று ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே தொழிலை நம்பியிருந்த எத்தனையோ ஊர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை.

இப்போது 2011-க்கு வருவோம். பழைய மாநகராட்சி எல்லைக்குள் 10,50,721 பேர். 2001-இல் அதே எல்லைக்குள் 9,30,882. பத்தாண்டில் 13 சதவீதம்கூட இல்லை. ஊர் தேங்கிவிட்டது என்று இதைப் பார்த்து யாராவது கட்டுரை எழுதலாம். ஆனால் ஒட்டிய பகுதிகளோடு சேர்த்து எண்ணினால் 14.6 லட்சம் 21 லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. அந்தத் திரட்டுக்குள்ளும் புதிதாகச் சில ஊர்களைச் சேர்த்திருப்பார்கள்தான். இருந்தாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. நடு ஊர் மெதுவாகவும் விளிம்பு வேகமாகவும் வளர்கிறது. 2010-இல் டைடல் பார்க் வந்தது விளாங்குறிச்சியில். ஐ.டி. கம்பெனிகள் மொய்த்தது சரவணம்பட்டியில். முப்பதுகளில் மில்கள் செய்ததையே இவையும் செய்தன. 2011-இல் குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம், வடவள்ளி, சரவணம்பட்டி எல்லாவற்றையும் மாநகராட்சியோடு இணைத்தார்கள். அதே 2011 மக்களைப் புதிய எல்லைக்குள் எண்ணினால் சுமார் 16 லட்சம்.

இதெல்லாம் வெறும் கணக்குப் பிள்ளை வேலை என்று தோன்றலாம். குழாய்த் தண்ணீர் இந்த எண்ணை வைத்துத்தான் திட்டமிடப்படுகிறது. மத்திய வரியிலிருந்து மாநிலங்களுக்குப் பங்கு பிரித்த 15-வது நிதிக்குழு எடுத்துக்கொண்டது 2011 மக்கள்தொகையை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மத்திய அரசு எத்தனை பேருக்கு அரிசி தரும் என்பதும் 2011 எண்தான். 2021-இல் நடக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போனது. அதற்குள் ஃபவுண்டரிகளிலும் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் இளைஞர்கள் நிறைந்துவிட்டார்கள். 2011-இல் இவர்களில் பலர் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். தண்ணீர் லாரிக்கு இன்று கோவையில் காத்திருக்கும் அவர்கள், அரசின் தாளில் இன்னும் ஏதோ ஒரு வடமாநிலக் கிராமத்துப் பிள்ளைகளாகத்தான் இருக்கிறார்கள்.