கால் தளர்ந்தவரும் கை கொடுத்தவரும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றையும் முறையாகத் தொடங்கி வழிபடுவது சைவ மக்களின் பழைய வழக்கம். அவற்றை நாடிப் போவதே யாத்திரை. யாத்திரை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நடை. காவி உடுத்து, நீறு பூசி, தோளிலே மூட்டையும் வாயிலே திருநாமமுமாகக் காடும் மணலும் கடந்து செல்லும் அடியார் கூட்டத்தையே நாம் எண்ணுகின்றோம். அக்கூட்டத்திலே கால் தளர்ந்தவருக்கு இடமுண்டா? நாலடி வைத்தால் நிலை தடுமாறுபவர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் சோர்ந்தவர், பொல்லு இன்றி எழும்ப மாட்டாதவர், இவர்கள் யாத்திரையை மறந்துவிட வேண்டியதுதானா?

இது ஏட்டுக் கேள்வியன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஆடி மாதம் பிறந்தவுடன் எத்தனையோ வீடுகளில் எழும் கேள்வி. “இந்த வருஷமாவது ஒருக்கால் கதிர்காமம் போய்வர வேண்டும்” என்பார் முதியவர். “உங்களுக்கு என்ன விசரோ அப்பா? விழுந்து எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது?” என்பார் பிள்ளை. இருவர் பேச்சிலும் அன்பே இருக்கின்றது. ஆயினும் முதியவர் அன்றிரவு சாப்பிடாமற் படுத்துக்கொள்வார். பிள்ளையும் நிம்மதியாய் உறங்கமாட்டார். இவ்வழக்கிலே நம் வரலாறு யார் பக்கம் பேசுகின்றது என்று நாம் ஆராய்ந்து பார்ப்போம்.

நாவரசரின் இரண்டு யாத்திரைகள்

ஏழாம் நூற்றாண்டிலே வாழ்ந்த திருநாவுக்கரசு சுவாமிகள் தமிழ்நாடெங்கும் கால்நடையாகச் சென்று தலங்களை வழிபட்டவர். அவருடைய வரலாற்றைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திற் பாடினார். அதிலே உடம்பு ஒத்துழையாத நிலையில் நாவரசர் செய்த பயணங்கள் இரண்டு சொல்லப்படுகின்றன. கயிலை யாத்திரையை யாவரும் அறிவர். அதற்கு முந்திய ஒன்றை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

சமண சமயத்திலே தருமசேனர் என்னும் பெயரோடு பாடலிபுத்திரத்தில் இருந்த காலத்தில் அவரைச் சூலை நோய் பற்றியது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. தமக்கையார் திலகவதியார் இருந்த திருவதிகைக்குப் போவதென்று துணிந்தார். வெள்ளாடையை உடம்பிலே சுற்றிக்கொண்டு, ஒருவரும் காணாதபடி இரவிலே, கை கொடுப்பாரை ஊன்றிக்கொண்டு நடந்தார் என்கின்றார் சேக்கிழார். அந்தக் கை கொடுத்தவர் யார்? அவர்களுடைய பெயரைப் புராணம் சொல்லவில்லை. ஆனால் அந்த இரவில் அந்தத் தோள்கள் இல்லாவிடின் தருமசேனர் திருவதிகை சேர்ந்திரார். தமக்கையார் கையால் திருநீறு பெற்றிரார். நமக்குத் தேவாரத்தில் மூன்று திருமுறைகள் கிடைத்திரா. இதனை நம் வாலிபர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது யாத்திரை. முதுமையிலே சுவாமிகள் திருக்காளத்தியை வணங்கியபோது கயிலைமலையைக் காணும் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் பணிந்து, தெலுங்கு நாடும் கன்னட நாடும் மாளவமும் கடந்து, காசியை அடைந்தார். உடன் வந்த அடியவர்களை அங்கே விட்டுத் தனியே வடக்கு நோக்கினார். இராப்பகல் பாராது நடந்தார். பாதங்கள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகளும் மணிக்கட்டுவரை தேய்ந்தன; மார்பினால் ஊர்ந்தார். மார்பும் நைந்து எலும்பு முறியவே உருண்டு சென்றார். அதுவும் இயலாதபோது செயலற்றுக் கிடந்தார்.

அப்பொழுது இறைவன் ஒரு முனிவர் வடிவிலே தோன்றி, மானிடர் அடையத்தக்கதன்று கயிலை, திரும்பிப் போ என்றார். நாவரசர் மறுத்தார், ஆண்டவன் இருக்கையைக் காணாமல் அழியப்போகும் இவ்வுடம்போடு மீளமாட்டேன் என்றார். முனிவர் மறைந்தார். நாவரசரின் உறுதியை இறைவன் மெச்சினான். எழுந்திரு என்னும் திருவாக்குப் பிறந்தது. தேய்ந்த உறுப்புகளெல்லாம் முன்போல் விளங்கின. ஆயினும் உடம்பு நலம்பெற்றபின் மேலும் நடந்து வா என்று இறைவன் பணிக்கவில்லை. அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே கயிலைக் காட்சியைக் காண்க என்றே பணித்தான். காவிரிக் கரையில் எழுந்த சுவாமிகள் அங்கேயே கயிலையைக் கண்டார்.

இதிலே இருவருக்கும் பாடம் உண்டு. முதியவரின் வேட்கையை விசர் என்று தள்ளுதல் தகாது. இறைவனே அதனைத் தள்ளவில்லை. அதேவேளை உடம்பைச் சிதைத்துத்தான் அருள் பெற வேண்டும் என்று இறைவன் கேட்கவும் இல்லை; சிதைந்த உடம்பை முதலில் திருத்தினான், பிறகு தலத்தை அருகிலே கொண்டு வந்தான். இந்நிகழ்ச்சியை நினைந்து திருவையாற்றிலே ஆடி அமாவாசையன்று அப்பர் கயிலைக் காட்சி விழா நடைபெறுகின்றது. அத்திருக்கோயில் வளாகத்திலே முதலாம் இராஜராஜ சோழனின் தேவியார் உலகமாதேவியார் எடுப்பித்த வடகயிலை இன்றும் நிற்கின்றது. நமது கொழும்பிலும் கப்பித்தாவத்தையிலே கைலாசநாதர் வீற்றிருக்கின்றார். கயிலையை ஊருக்குள் அழைத்துக்கொள்வது நம்மவரின் நீண்டநாள் வழக்கம்.

ஊன்றுகோலும் கயிறும்

உதவிப் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்வதை மானக்குறைவாக எண்ணுவோர் பலர். பொல்லை வீட்டிலே மறைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்து தூணுக்குத் தூண் தாவி நிற்கும் பெரியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். அவர்கள் சுந்தரமூர்த்தி சுவாமிகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சங்கிலியாருக்குக் கொடுத்த சபதத்தை மீறித் திருவொற்றியூரை நீங்கியபோது சுந்தரர் கண்ணொளி இழந்தார். திருவாரூருக்குப் போகும் நெடுவழி முன்னே கிடந்தது. அவர் திரும்பவில்லை. வழியிலே திருவெண்பாக்கத்தில் இறைவன் அவருக்குக் கொடுத்தது கண்ணன்று, ஒரு கோல். சுந்தரருக்கு அது போதவில்லை, தோழரிடம் குறைபட்டுக்கொண்டார். ஆனால் கோலை எறிந்துவிடவில்லை. அதனை ஊன்றியே நடந்தார். காஞ்சியிலே ஒரு கண்ணும் திருவாரூரிலே மற்றைக் கண்ணும் பெற்றார். கோல் வழங்கிய அத்தலம் இருந்த இடம் பூண்டி நீர்த்தேக்கத்துள் அமிழ்ந்தமையால், கோயிலைப் பெயர்த்துப் பூண்டியிலே அமைத்திருக்கின்றார்கள். ஊன்றீசுவரர் என்பது சுவாமியின் பெயர்.

தண்டியடிகள் நாயனாரோ பிறவியிலேயே கண்ணிழந்தவர். திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டிப் பெருக்க எண்ணி, குழியிலே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நாட்டி, இடையே கயிறு கட்டி, அதைத் தடவித் தடவி மண் சுமந்தார். பொறாதவர் வந்து கயிற்றையும் தறியையும் பிடுங்கினர். கயிற்றைக் கட்டியவரை நாயனார் என்று கும்பிடுகின்றோம். பிடுங்கியவர் பெயரை யாரும் சொல்வதில்லை. கோயில் வாயிற்படியிலே ஒரு கைப்பிடிக் கம்பி போடுவோம் என்றால், அழகு கெடும் என்று தடை சொல்லும் அன்பர்கள் இதனைச் சிறிது சிந்திப்பார்களாக.

ஈழத்துப் பாதைகள்

நமது நாட்டிலும் சான்றுகள் உண்டு. சிவனொளிபாத மலையின் செங்குத்தான பாறைகளிலே ஏறுவோர் பிடிப்பதற்கு இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த மார்க்கோ போலோ அவற்றைக் குறிப்பிடுகின்றார். 1344ஆம் ஆண்டு மலையேறிய இபுனு பதூதா பத்துச் சங்கிலிகளைச் சொல்கின்றார். சைவர், பௌத்தர், இஸ்லாமியர், கிறிஸ்தவர் யாவரும் வணங்கும் மலையிலே, முன்னே போனவர் பின்னே வருபவருக்காக மாட்டிவைத்த சங்கிலிகள் அவை. பழனியிலும் படியேற இயலாதவர்களுக்காக 1966இல் இழுவை வண்டியும் 2004இல் கம்பி வடத்தில் தொங்கிச் செல்லும் வண்டியும் ஏற்பட்டன. அவற்றில் ஏறியவர்களுக்குத் தண்டபாணி காட்சி குறைத்துக் கொடுப்பதில்லை.

கதிர்காம யாத்திரையின் கடுமையை சேர் பொன்னம்பலம் அருணாசலம் முருக வழிபாட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையிலே விவரித்திருக்கின்றார். அது 1924இல் வெளியாயிற்று; அதே ஆண்டு தொடக்கத்திலே யாத்திரை சென்றிருந்த அப்பெரியார் மதுரையிலே காலமானார். தம் பாட்டியார் கொழும்பிலிருந்து கதிர்காமத்துக்குப் போகவும் வரவும் வெறுங்காலோடு நடந்ததாக அவர் எழுதுகின்றார். நோயுற்ற பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற நேர்த்திக்காக நடந்த நடை அது. அப்பிள்ளையே பின்னர் புகழ்பெற்ற சேர் முத்துக்குமாரசுவாமி (1834–1879). நடக்க மாட்டாத ஒருவருக்காக இன்னொருவர் நடக்கும் யாத்திரையும் நம் மரபிலே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரையோரமாய், உகந்தை, கூமுனை, யால காடுகளூடாகச் செல்லும் பாதயாத்திரை ஒன்றரை மாதத்துக்குக் குறையாத நடை. போர்க் காலத்தில் நலிந்து மீண்டும் உயிர்பெற்ற அந்த யாத்திரையை நாம் பெரிதும் போற்றுகின்றோம். முழுவழியும் நடக்க இயலாதவர் ஒரு பகுதி நடக்கலாம். அதுவும் இயலாதவர் வாகனத்தில் மாணிக்க கங்கைக் கரை சேரலாம். கதிரமலைக்கு இன்று ஜீப் வண்டியும் ஏறுகின்றது.

தேடி வந்த வேல்

ஆனால் கொழும்பு வாசிகளாகிய நமக்கு எல்லாவற்றிலும் நெருங்கிய சான்று ஆடிவேல் விழாவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாந்திபேதி பரவியபோது ஆங்கில அரசாங்கம் கதிர்காம யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. போக வழியில்லாத அடியார்களுக்காகக் கொழும்பிலேயே வேலவனை எழுந்தருளச் செய்தனர் செட்டியார் தெரு நகரத்தார். 1874ஆம் ஆண்டிலே இவ்விழா தொடங்கியது என்பர். கதிரேசன் கோயிலிலிருந்து புறப்படும் தேர் காலி வீதி வழியே நாலு மைல் அளவு தெற்கே வந்து பம்பலப்பிட்டியிலே தங்கித் திரும்பும். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் சில காலம் நின்றிருந்தும், வேல் மறுபடியும் வீதிக்கு வந்தது.

இதன் கருத்தை நாம் நன்றாக உணர வேண்டும். மலைக்குப் போக முடியாதவரின் வாசலுக்கு மலைக்குரியவன் வந்தான். திருவையாற்றிலே நாவரசருக்கு நடந்ததுதான் காலி வீதியிலே நமக்கும் நடந்தது. வாசலிலே கதிரை போட்டு, மடியிலே அர்ச்சனைத் தட்டோடு தேரை எதிர்பார்த்திருக்கும் மூதாட்டி யாத்திரை செய்யாதவர் அல்லர். அவர் யாத்திரையை அன்று வேலவன் நடந்து முடிக்கின்றான்.

நம் கடமை

உடம்பு நிலைத்து நிற்பதற்குக் கண், உட்செவி, பாதத்தின் உணர்ச்சி ஆகிய மூன்றும் ஒத்துழைக்க வேண்டும் என்று வைத்தியர் கூறுவர். ஒன்று குறைந்தால் மற்றவை ஓரளவு தாங்கும். ஆதலால் நீரிழிவினால் பாதம் மரத்த ஒருவர் பகலிலே வீதியில் நடந்துவிடுவார். மங்கிய வெளிச்சமுள்ள உள்வீதியிலே தடுமாறுவார். எண்ணெயும் தண்ணீரும் சிந்திய கல்தரை, உயர்ந்த வாயிற்படி, நெருக்கித் தள்ளும் கூட்டம் ஆகியவை அவருக்கு யாலக் காட்டு யானைக்கு ஒப்பானவை. நண்பகல் வெயிலில் காய்ந்த கல்லின் சூட்டை மரத்த பாதம் அறியாது. கொப்புளம் கண்ட பின்பே தெரியும். விழுந்து கும்பிட்டுச் சடுதியாக எழும்பினால் தலை சுற்றும்.

இவற்றை அறிந்த வாலிபர் செய்யத்தக்க தொண்டு எளியது. பெரியவரின் கையைப் பிடித்து இழுத்தல் உதவியன்று. நம் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளும்படி நீட்டி, அரை அடி முன்னே, அவர் வேகத்திலே நடக்க வேண்டும். படி ஏறும்போது அவருக்குப் பின்னேயும் இறங்கும்போது அவருக்கு முன்னேயும் நிற்க வேண்டும். சிந்திய தண்ணீரைத் துடைக்க ஒருவர், மண்டபத்திலே நாலு கதிரையும் ஒரு வாங்கும் போட இருவர், கூட்டத்தை விலக்கி வழிவிட ஒருவர் போதும். விசேட நாளிலே போக முடியாதவரைக் கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளிலே அழைத்துப் போகலாம். யாத்திரைக்கு முன் வைத்தியரைக் கேட்கலாம். எங்கும் போக மாட்டாமற் படுக்கையில் இருப்பவருக்கு விபூதி பிரசாதம் கொண்டுபோய்க் கொடுத்து, அருகில் இருந்து ஒரு பதிகம் பாடலாம். மனத்திலே கோயில் கட்டிய பூசலாருக்காக, மன்னன் கட்டிய கற்கோயிலின் கும்பாபிஷேகத்தையே வேறு நாளுக்கு வைக்கச் சொன்ன இறைவன், அந்தப் படுக்கையருகிலும் இருப்பான்.

முதியோருக்கும் ஒரு விண்ணப்பம். பொல்லை மறைக்காதீர்கள். தோள் வேண்டுமென்று கேட்கக் கூசாதீர்கள். நாவரசரே பிறர் தோளை ஊன்றித்தான் திருவதிகைக்கு வந்தார். நீங்கள் கேட்டால்தான் இளையவர்களுக்கு அந்தத் தொண்டு கிடைக்கும்.

வரும் ஆடியிலே நம் சங்கத்து வாலிபர் ஒவ்வொருவரும் தத்தம் தெருவிலே கால் தளர்ந்த ஒருவரையேனும் விசாரித்து அறிந்து, அவர் விரும்பும் சந்நிதிக்கு அழைத்துச் சென்று, பத்திரமாக வீட்டிலே சேர்ப்பாராக. திருவதிகை வழியில் கை கொடுத்தவர்களுக்கு இல்லாத பெயர் நமக்கும் வேண்டியதில்லை.

மேன்மைகொள் சைவநீதி விளங்குக!