யுனைடெட் விமானிகள் வேலைநிறுத்தம் (1985)

அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் 1985 மே 17 அன்று தொடங்கி 29 நாள் நடந்த சம்பளப் போராட்டம். இனிமேல் சேரும் விமானிகளுக்கு மட்டும் குறைந்த சம்பளம் என்ற இரண்டாம் அடுக்கை நிர்வாகம் புகுத்த முயன்றதே இதற்குக் காரணம். சம்பளம் குறையவிருந்தது இன்னும் வேலைக்கே வராதவர்களுக்கு. வெளியேறியவர்களோ ஏற்கெனவே நல்ல சம்பளம் வாங்கியவர்கள். விமானிகளின் தொழிற்சங்க வரலாற்றில் ஒற்றுமைக்குச் சான்றாக இப்போராட்டம் காட்டப்படுவது இதனால்தான்.

சம்பள முறையின் தொடக்கம்

அமெரிக்க அஞ்சல் துறை 1918இல் விமான அஞ்சலைத் தொடங்கியது. அஞ்சல் விமானிகளுக்கு அடிப்படைச் சம்பளத்தோடு பறந்த மைலுக்கு இத்தனை சென்ட் என்று படியும் உண்டு. தனியார் நிறுவனங்கள் அஞ்சல் ஒப்பந்தங்களை எடுத்தபோது மைல் கணக்கும் கூடவே வந்தது. பொருளாதார மந்தம் தொடங்கியதும் நிறுவனங்கள் முதலில் கைவைத்தது இந்தக் கணக்கில்தான்.

விமானி தன்னைத் தொழிலாளி என்று கருதாத காலம் அது. அந்த எண்ணத்தை மாற்றியவர் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் விமானி டேவிட் பென்கி. சங்கம் என்று பேசினாலே வேலை போகும் என்பதால் ஆள் சேர்ப்பு இரகசியமாக நடந்தது. 1931 ஜூலையில் சிகாகோ விடுதி ஒன்றில் கூடியவர்கள் விமானிகள் சங்கத்தை அமைத்து, அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்போடு இணைத்தனர். சுரங்கத் தொழிலாளியோடும் தச்சரோடும் ஒரே குடையின் கீழ் நிற்பதா என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆறே மாதத்தில் அந்தக் குடை தேவைப்பட்டது.

1932 பிப்ரவரியில், கார் உற்பத்தியாளர் எரட் லோபன் கார்டு தம் செஞ்சுரி ஏர் லைன்ஸ் விமானிகளின் மாதச் சம்பளத்தை 350 டாலரிலிருந்து 150 டாலராக வெட்டினார். விமானிகள் மொத்தம் 23 பேர். வேலைக்கு வந்தவர்களைச் சிகாகோ விமான நிலையத்தில் ஆயுதம் தாங்கிய காவலர்கள் எதிர்கொண்டனர். பழைய வேலையை விட்டுவிட்டுப் புதுச் சம்பளத்துக்கு மனுப் போடச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்த நியூயார்க் காங்கிரஸ் உறுப்பினர் ஃபியரெல்லோ லா கார்டியா பிரதிநிதிகள் அவையில் அவர்களுக்காகப் பேசினார். பாதி விலைக்கு அஞ்சல் சுமக்கிறேன் என்று அரசை அணுகியிருந்த கார்டுக்கு அந்த ஒப்பந்தம் கிட்டவில்லை. ஏப்ரலில் அவர் நிறுவனத்தை விற்றார். செஞ்சுரி மறைந்தது, சங்கம் நிலைத்தது.

அடுத்த தகராறைக் கொண்டுவந்தது 1933இல் வந்த போயிங் 247. பழைய மும்மோட்டார் விமானங்களைவிட அதன் வேகம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மைல் கணக்கில் சம்பளம் என்றால் வேகம் கூடக் கூட விமானியின் ஒரு மணி நேர வருமானமும் கூடும். மணிக் கணக்கென்றால் அந்த லாபம் முழுவதும் நிறுவனத்துக்கே போகும். பெரிய நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து மணிக் கணக்கைக் கேட்டன. சங்கம் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தது. தேசியத் தொழிலாளர் வாரியம் தலையிட்டு 1934 மேயில் தந்த 83ஆம் எண் தீர்ப்பு இரு தரப்பையும் பாதிப் பாதி திருப்திப்படுத்தியது: அடிப்படைச் சம்பளம் உண்டு, மணிக்கும் காசு, மைலுக்கும் காசு, மாதத்துக்கு 85 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. 1938 விமானப் போக்குவரத்துச் சட்டம் இதற்குச் சட்ட வலிமை தந்தது. எண்பதுகளில் யுனைடெட் குலைக்க முற்பட்ட சம்பளக் கட்டுமானத்தின் அடித்தளம் இதுவே.

பணிமூப்பு எண் இக்கட்டுமானத்தின் மற்றொரு தூண். எந்த விமானம், எந்த வழித்தடம், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பது யார் என்பதையெல்லாம் அந்த எண்ணே முடிவு செய்கிறது. வேறு நிறுவனத்துக்குப் போனால் இருபதாண்டு அனுபவமுள்ள கேப்டனும் கடைசி எண்ணிலிருந்து தொடங்க வேண்டும். ஓடிப்போக இடமில்லாத இந்த ஏற்பாடு விமானிகளின் ஒற்றுமைக்குக் கொள்கையைவிடப் பெரிய காரணம்.

இரண்டாம் அடுக்கு

1978இல் அரசுக் கட்டுப்பாடு நீங்கி, கட்டணப் போட்டி தொடங்கியது. 1983இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரண்டடுக்குச் சம்பளத்தைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு திவால் மனுப் போட்ட கான்டினென்டல் நிறுவனம் ஒப்பந்தத்தையே கிழித்தெறிந்தது. அங்கு தொடங்கிய வேலைநிறுத்தம் ஈராண்டு இழுத்துத் தோற்றது. விமானிகளின் ஒற்றுமைக்கு எல்லையும் இருந்தது: 1981இல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது விமானிகள் விமானம் ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

யுனைடெட்டின் தலைவர் ரிச்சர்ட் ஃபெரிஸ் ஓட்டல் தொழிலிலிருந்து வந்தவர். 1981இல் அவரை நம்பி விமானிகள் பணி விதிகளில் பெரிதாக விட்டுக்கொடுத்திருந்தனர். நான்கே ஆண்டில் அவர் இரண்டாம் அடுக்கைக் கேட்டது நம்பிக்கைத் துரோகமாகவே பட்டது.

வேலைநிறுத்தம்

ஏறத்தாழ 5,000 விமானிகளில் மிகப் பெரும்பாலோர் வெளியேறினர். சங்கம் மாதக் கணக்கில் தயாராகியிருந்தது. மனைவிமாரையும் கூட்டங்களுக்கு அழைத்து, சம்பளமில்லாத மாதத்தைச் சமாளிப்பது எப்படி என்று பேசியது. விமானப் பணிப்பெண்களின் சங்கமும் ஆதரவாக வேலைநிறுத்தம் செய்தது.

போராட்டத்தை எதிர்பார்த்து ஃபெரிஸ் ஏறத்தாழ 570 புதிய விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார். இவர்கள் இன்னும் சங்க உறுப்பினர்கள் அல்லர். மே 17 அன்று வந்தால் வேலை உண்டு, இல்லையேல் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மிகச் சிலரைத் தவிர எவரும் மறியல் வரிசையைத் தாண்டவில்லை. நிர்வாகம் கணக்குத் தவறியது இங்கேதான். பிறகு கூடுதல் சம்பளத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்தும் விமானங்களில் ஒரு சிறு பங்கையே இயக்க முடிந்தது.

சம்பளப் பிரச்சினை சில நாள்களிலேயே பெருமளவு தீர்ந்துவிட்டது. எஞ்சிய வாரங்கள் அந்த 570 பேரின் நிலை பற்றியும், கருங்காலிகளுக்கு நிர்வாகம் தரவிருந்த சலுகைகள் பற்றியும் கழிந்தன. ஜூன் நடுவில் போராட்டம் முடிந்தது. இரண்டாம் அடுக்கு வந்தது, ஆனால் நிரந்தரமாக அல்ல.

பின்விளைவு

570 பேருக்கும் வேலையும் பணிமூப்பும் தர வேண்டும் என்று சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறியல் வரிசையைத் தாண்டியவர்களை மற்றவர்கள் மறக்கவில்லை. விமானி அறையின் கூடுதல் இருக்கையில் இலவசமாகப் பயணம் செய்ய ஒரு விமானி கேட்டால், கேப்டன் கருங்காலிப் பட்டியலைப் பார்த்த பின்பே இடம் தருவதும், பெயர் இருந்தால் மறுப்பதும் பல ஆண்டுகள் நீடித்தன. ஃபெரிஸ் 1987இல் பதவி இழந்தார். 1994இல் ஊழியர்கள் நிறுவனத்தின் 55 விழுக்காட்டுப் பங்கைப் பெற்றனர். 2002இல் நிறுவனம் திவால் மனுப் போட்டது. 2023இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் விமானிகளுக்கு நான்காண்டில் 40 விழுக்காடு வரை சம்பள உயர்வு கிடைத்தது.