ஒரு 'டிக்' சத்தத்தின் கதை

என் பழைய அம்பாசிடரை ஓட்டுவதை நிறுத்தி மூன்று வருஷம் ஆகிறது. கேட்பவர்களிடம் "கண் சரியில்லை" என்று சொல்லி வந்தேன். அது பொய். உண்மையான காரணம் ஒரு 'டிக்' சத்தம். அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், திரும்பப் போகிற வண்டி அதைக் கையால்தான் சொல்லும். வலப்பக்கம் திரும்ப, டிரைவர் வலது கையை வெளியே நேராக நீட்டுவார். இடப்பக்கம் திரும்ப? அவர் உட்கார்ந்திருப்பதோ வலப்புறம். அதனால் அதே வலது கையை நீட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வட்டமாகச் சுற்றவேண்டும். லாரி என்றால் இடப்பக்கம் கிளீனர் கையை நீட்டிவிடுவார். 1939-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கை சைகைகளைக் கட்டாயமாக்கியது. கைக்குப் பதிலாக இயந்திரமோ மின்சாரக் கருவியோ வைத்துக்கொள்ளலாம் என்றும் அதிலேயே இருந்தது. ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள வண்டிக்கு அந்தக் கருவி இருந்தே ஆகவேண்டும். டிரைவர் கையை நீட்டினாலும் பின்னால் வருகிறவருக்குத் தெரியாதே!

அந்தக் கருவியின் முதல் வடிவமும் ஒரு கைதான். ஜெர்மனியின் போஷ் கம்பெனி 1928-ல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ரயில்வே கைகாட்டி போல ஒரு சிறிய தகடு கதவுத் தூணுக்குள் படுத்திருக்கும். சுவிட்சைத் தட்டினால் மின்காந்தம் அதை வெளியே தள்ளும், உள்ளே விளக்கு எரியும். மோரிஸ் மைனரில் இது இருந்தது. உத்தர வீதியில் ஒரு டாக்டரிடம் அப்படி ஒரு கார் உண்டு. கை பாதியில் சிக்கிக்கொள்ளும். டாக்டர் தூணில் ஓங்கி ஒரு குத்து விடுவார், அது 'சடக்'கென்று வெளியே வரும். பையன்கள் நாங்கள் அதைப் பார்க்கவே காத்திருப்போம்.

பிறகு வந்ததுதான் கண்சிமிட்டும் விளக்கு. அமெரிக்காவில் 1939-ம் வருஷ ப்யூக் காரில் வந்தது. ஐம்பதுகளின் கடைசியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை வைத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்ய ஆரம்பித்தபோது, கைகாட்டியின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

அந்த விளக்கைச் சிமிட்ட வைப்பது ஃபிளாஷர் என்ற சின்னத் தகர டப்பா. மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் கம்பி சூடாகி நீளும், ஆறினால் சுருங்கும். ஒவ்வொரு தடவையும் தொடர்பு சேர்ந்து பிரியும்போது 'டிக்'. பல்பு ஒன்று போனால் தாளமே மாறிவிடும். இன்றைய கார்களில் அந்தச் சத்தத்தை ஸ்பீக்கரில் போலியாகக் கொடுக்கிறார்கள். பழைய வண்டியில் அது நிஜச் சத்தம்.

ஸ்டீயரிங் தண்டிலிருந்து வரும் சத்தங்கள் வேறு. ஹாரன் தொடர்பு வளையம் காய்ந்துபோனால் 'கீச்' என்று கத்தும், துளி கிரீஸ் போதும். மேடு பள்ளத்தில் 'கடகட' என்றால் புஷ் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங்கிலேயே கியர் இருக்கிற வண்டி என்றால் கியர்க் கம்பிகளின் இணைப்பையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவது, திருப்பும்போது மட்டும் வரும் 'டக்'. இண்டிகேட்டர் போட்டதும் சுவிட்சிலுள்ள ஒரு சின்ன நாக்கு, தண்டில் இருக்கும் முளையின் வழியில் போய் நிற்கும். திரும்பும்போது முளை அதை ஒதுக்கிக்கொண்டு போகும். ஸ்டீயரிங் நேராகத் திரும்பி வரும்போது அதே முளை நாக்கைத் தள்ளி, இண்டிகேட்டரை அணைத்துவிடும். அப்போது வரும் 'டக்' நல்ல சத்தம். இண்டிகேட்டர் போடாமலே வந்தால், சுவிட்ச் நகர்ந்து முளையோடு உரசுகிறது என்று அர்த்தம். சுவிட்சைச் சரியான இடத்தில் வைத்து முடுக்கினால் தீர்ந்தது.

என் வண்டியில் வந்தது இதுதான். எனக்குப் பொறுமை இல்லை. "சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான்" என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். "முளையை ராவிட்டா சத்தம் நிக்கும் சார், ஆனா இண்டிகேட்டரை நீங்கதான் கையால அணைக்கணும்" என்றார். சரி என்றேன். சத்தம் நின்றது, எனக்குப் பரம சந்தோஷம்.

ஒரு நாள் மாலை ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து, மாம்பழச் சாலையில் வலப்பக்கம் திரும்பிக் காவிரிப் பாலம் ஏறினேன். இண்டிகேட்டர் தானாக அணையவில்லை. ஃபிளாஷர் 'டிக் டிக்' என்று சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கும். என் காதில் விழவில்லை. பாலம் முழுக்க வலது விளக்கு சிமிட்டியிருக்கிறது. சிந்தாமணி அருகே மருந்துக்கடையில் நிறுத்த இடப்பக்கம் ஒதுங்கினேன். நான் வலப்பக்கம் போகிறேன் என்று நம்பி இடப்பக்கமாக வந்த ஒரு பையன், பைக்கோடு சறுக்கி விழுந்தான்.

நல்ல வேளை, முழங்கையில் சிராய்ப்புதான். எழுந்து வந்தவன் திட்டவில்லை. "தாத்தா, ரைட் இண்டிகேட்டர் போட்டுட்டு லெஃப்ட்ல வர்றீங்களே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்துக் காது டாக்டரிடம் போனேன். மெல்லிய சத்தங்கள் எனக்குக் கேட்டே பல வருஷம் ஆகிவிட்டது என்று தெரிந்தது.

கையோ, தகடோ, விளக்கோ, எதுவாக இருந்தாலும் பின்னால் வருகிறவருக்கு நாம் கொடுக்கும் வாக்கு அது. அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் அந்தச் சின்ன முளை இருந்தது. அதை நான் காசு கொடுத்து ராவ வைத்தேன்.

போன மாதம் பழைய சுவிட்சும் நல்ல முளையும் கிடைத்துப் போட்டாயிற்று. இப்போது பேரன் ஓட்டுகிறான். நான் பக்கத்தில் உட்காருகிறேன். திருப்பம் முடிந்ததும் "டக்குன்னு கேட்டுதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். "கேட்டுது தாத்தா" என்கிறான்.