அடர்காட்டில் மான் வேட்டை: ஸ்கோப் ஏன் தாமதமாக வந்தது?

வியன்னாவின் காலஸ் நிறுவனம் 1900-லேயே ‘டெலோரார்’ என்ற துப்பாக்கி ஸ்கோப்பை விற்க ஆரம்பிச்சாச்சு. ஆனா, அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் வெள்ளைவால் மான் வேட்டையாடியவர்களில் பலர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் வெறும் இரும்புக் குறியோடுதான் திரிந்தார்கள். பழமைப் பிடிவாதம்னு சொல்லி முடிச்சிடலாம். எனக்கு அது போதவில்லை.

முதல் காரணம் துப்பாக்கியிலேயே இருக்கு. அவர்களுடைய செல்லம் வின்செஸ்டர் 1894 மாடல். லீவரை இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு மேல்பக்கமாகத் துள்ளும். அதன் நேர் மேலே ஸ்கோப்பை மாட்டினால் கூடு போய் முட்டும். பக்கவாட்டில் கூட்டைத் தள்ளும் மார்லினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது விலை. 1930-ல் பில் வீவர் கொண்டுவந்த 330 மாடல்தான் சாதாரண ஆளுக்கும் ஸ்கோப்பை எட்ட வைத்தது. பிறகு உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்புகள் வந்து, குளிரில் கண்ணாடி உள்பக்கம் மங்குவதும் குறைந்தது.

சரி, அடர்காட்டுக்கு எத்தனை மடங்கு? இங்கேதான் பலர் கடைக்காரர் பேச்சில் விழுகிறார்கள். காட்டுக்குள் சுடும் தூரம் பெரும்பாலும் 100 கெஜத்துக்குள். மடங்கு கூடக்கூடப் பார்வைப் பரப்பு சுருங்கும். ஓடுற மானைத் தேடவே நேரம் போயிடும். வெளிச்சக் கணக்கும் இருக்கு: முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுக்கணும். 20 மி.மீ., 2.5 மடங்கு என்றால் 8 மி.மீ. ஒளிவட்டம். 40 மி.மீ., 9 மடங்கு என்றால் 4.4 தான். இருட்டில் நம் கண்மணி விரிவதே சுமார் 7 மி.மீ. மான் நடமாடுவதோ விடியலிலும் அந்தியிலும். பழைய 2.5 மடங்கு ஸ்கோப்பை நான் இன்னமும் மெச்சுவது இதனால்தான்.

மெல்லிய குறுக்குக்கோடு புதரில் கரைந்துபோகும் என்பதற்கு 1962-ல் லியூபோல்ட் ‘டூப்ளெக்ஸ்’ கோட்டைக் கொண்டுவந்தது: ஓரத்தில் தடிப்பு, நடுவில் மெலிசு.

தீராதது சுள்ளி. கனமான, மெதுவான குண்டு சுள்ளியைப் பிளந்துகொண்டு நேரே போகும்னு ஒரு நம்பிக்கை உண்டு. எந்தக் குண்டும் சுள்ளியில் பட்டால் விலகலாம். காயத்தோடு மான் ஓடிவிடும். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் போல மேலே உட்கார்ந்திருக்கு. கண்ணுக்கு வழி திறந்திருக்கும்போதே கீழே குழல் முன்னால் ஒரு கிளை நிற்கலாம். கிட்டத்தில் இருப்பதால் அது ஸ்கோப்பில் மங்கித் தெரியாமலே போகும்.