உலாவியின் சோதனை வெளியீடு

உலாவியின் சோதனை வெளியீடு என்பது, இணைய உலாவி ஒன்றின் புதிய பதிப்பை அது முழுமை பெறும் முன்பே பொதுமக்களிடம் கொடுத்துக் குறைகளைக் கண்டறியும் முறை. 'பீட்டா' என்பது வழக்கில் உள்ள பெயர். தமிழும் தெலுங்கும் திரையில் பிழையின்றித் தெரிவதில் இவ்வெளியீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

தோற்றம்

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான மொசைக் உலாவி, 1993 ஜனவரியில் சோதனைப் பதிப்பாகவே முதலில் வெளிவந்தது. 1994 அக்டோபர் 13 அன்று நெட்ஸ்கேப் தன் உலாவியின் பீட்டாவை இணையத்தில் விட்டது. 1.0 பதிப்பு அதே ஆண்டு டிசம்பரில்தான் வந்தது. 1998 மார்ச் 31 அன்று நெட்ஸ்கேப்பின் மூலநிரல் மொசில்லா திட்டத்தின் வழியே அனைவருக்கும் வெளியிடப்பட்டது. 'பக்ஸில்லா' என்ற வழுப் பதிவேடும் பொதுவில் திறக்கப்பட்டது. எந்தக் குறை எந்தப் பதிப்பில் தீரும் என்பதை அதன்பின் யாரும் பார்க்க முடிந்தது. பயனர்கள் காரணம் தெரிந்து காத்திருக்க இது வழிசெய்தது.

தமிழ் வாசகர்கள் காத்திருந்த பதிப்பு

2000களின் நடுவில் ஒருங்குறித் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. 'நெருப்பு நரி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட, மொசில்லாவின் பயர்பாக்ஸ் உலாவியில் அப்போது ஒரு பெருங்குறை இருந்தது. இருபுறமும் ஓரம் சீராக அமையும்படி வடிவமைத்த பத்திகளில் தமிழ் எழுத்துகள் உடைந்து தெரிந்தன. 'பொன்' என்ற சொல்லில் பகரத்தை இருபுறமும் அணைத்து நிற்க வேண்டிய ஒகரக் குறி தனியே விலகி, புள்ளிவட்டத்தோடு தெரியும். னகரத்தின் புள்ளியும் பிரிந்து நிற்கும். வரியை நிரப்ப இடைவெளி சேர்க்கும்போது, சேர்ந்து உருப்பெற வேண்டிய குறியீடுகளைத் தனித்தனியாக வரைந்ததே காரணம். ஓரச் சீரமைப்பை நீக்கிவிடும்படி பதிவர்களை வாசகர்கள் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

உரையை வரையும் பகுதி புதிதாக எழுதப்பட்ட கெக்கோ 1.9 பொறியுடன், பயர்பாக்ஸ் 3இன் முதல் பீட்டா 2007 நவம்பரில் வந்தது. அதில் இந்தக் குறை தீர்ந்திருந்தது. ஐந்து பீட்டாக்களுக்குப் பின் 2008 ஜூன் 17 அன்று இறுதிப் பதிப்பு வெளியாகி, 24 மணி நேரத்தில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்களுடன் கின்னஸ் சாதனை படைத்தது. 2009 ஜூனில் வந்த 3.5 பதிப்பு, இணையத்தளமே எழுத்துருவை அனுப்பும் வசதியைத் தந்தது. ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் எழுத்துருவை நிறுவிக்கொள்ளும் தொல்லை மெல்ல மறைந்தது.

இடைவிடாத சோதனை

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் குரோம் பீட்டாவாகவே அறிமுகமானது. 2011இல் பயர்பாக்ஸ் ஆறு வாரச் சுழற்சிக்கு மாறியது. 2020 முதல் அது நான்கு வாரமாகச் சுருங்கியது. இன்று ஒரே உலாவி, நாள்தோறும் உருவாகும் பதிப்பு, பீட்டா, நிலையான பதிப்பு எனப் பல வரிசைகளில் கிடைக்கிறது. வழுவைச் சொல்வதற்கான அவகாசமும் அதற்கேற்பக் குறைந்துவிட்டது.

சித்தூர், திருப்பதி வட்டாரம்

தெலுங்கும் தமிழும் அருகருகே புழங்கும் எல்லைப் பகுதி இது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'சப்தகிரி' இதழ் இரு மொழிகளிலும் வெளிவருகிறது. ஆனால் இரண்டின் எழுத்தமைப்பும் வேறு. தமிழில் எகரக் குறி மெய்க்கு இடப்புறம் ஏறும். தெலுங்கில் கூட்டெழுத்தின் 'ஒத்து' கீழே இறங்கும். ஒன்றைச் சரியாகக் காட்டும் மென்பொருள் மற்றதில் தவறலாம். 2018 பிப்ரவரியில், தெலுங்கின் 'ஜ்ஞா' என்ற கூட்டெழுத்து அமைந்த ஒரு குறியீட்டுத் தொடர் ஐபோன் செயலிகளை நிலைகுலையச் செய்தது. அறிவைக் குறிக்கும் 'ஜ்ஞானம்' என்ற சொல்லின் முதலெழுத்து அது. அப்போது சோதனையில் இருந்த ஐஓஎஸ் 11.3 பீட்டாவில் இந்த வழு ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. பொதுப் பயனர்களுக்கு 11.2.6 என்ற அவசரப் பதிப்பு அதே மாதம் வந்தது.

திருப்பதியை அடுத்த ரேணிகுண்டாவிலும் அலுவலகம் கொண்ட சோஹோ நிறுவனம், குரோமியத்தை அடிப்படையாகக் கொண்ட 'உலா' உலாவியை 2023 மே மாதம் வெளியிட்டது. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நடத்திய இந்திய உலாவி உருவாக்கப் போட்டியில் 2025 மார்ச்சில் அது முதலிடமும் ஒரு கோடி ரூபாய்ப் பரிசும் பெற்றது. 

முக்கியத்துவம்

எழுத்து உடைவதை முதலில் காண்பவர் அந்த எழுத்தை வாசிப்பவர்தான். ஒகரக் குறி விலகி நிற்பது, தமிழ் அறியாத பொறியாளரின் கண்ணில் படாது. ஆகவே வழுவைக் காணும் வாசகர், உலாவியின் பதிப்பு எண், திரைப்பிடிப்பு, பிழை தோன்றிய சொல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதிவேட்டில் இட வேண்டும். பீட்டாக் காலத்தில் சொன்ன குறை இறுதிப் பதிப்புக்கு முன்பே திருத்தப்பட வாய்ப்புண்டு. சொல்லாத குறை லட்சக்கணக்கான திரைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.