இரண்டு ஒற்றையர், ஒரு இரட்டையர்

எங்க தேவாரத்தில் ஒரு பையன் கடையில் போய் "டென்னிஸ் பால் இருக்கா அண்ணே?" என்று கேட்டால், அவன் கிரிக்கெட் ஆடப் போகிறான் என்று அர்த்தம். டென்னிஸ் என்ற ஆட்டத்துக்கும் எங்கள் ஊருக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அந்தப் பந்தோடு முடிந்துவிடும். ஆனாலும் பெண்கள் அணி டென்னிஸ் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிலும் கோப்பை வென்ற கதை இல்லை. கோப்பை ஆடும் இடத்துக்குப் போய்ச் சேரவே நடக்கும் தகுதிச் சுற்றுகளின் கதை. இந்தியப் பெண்கள் டென்னிஸின் சரித்திரம் முக்கால்வாசி இந்தத் தகுதிச் சுற்றுகளுக்குள்தான் கிடக்கிறது என்பது என் எண்ணம். படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஆண்களுக்கு டேவிஸ் கோப்பை 1900-லேயே தொடங்கிவிட்டது. பெண்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று அமெரிக்க வீராங்கனை ஹேசல் வைட்மன் 1919-ல் கேட்டார். யாரும் காதில் வாங்கவில்லை. அம்மணி சும்மா இருக்கவில்லை, ஒரு வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தார். 1923 முதல் அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டும் அதற்காக வருடாவருடம் ஆடின. மற்ற நாடுகள் வேடிக்கை பார்த்தன. கடைசியில் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்துக்கு ஐம்பது வயது ஆனபோது, 1963-ல்தான் எல்லா நாடுகளுக்குமான ஃபெடரேஷன் கோப்பை பிறந்தது. கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் 44 வருடம்!

முதல் போட்டி லண்டன் குயின்ஸ் கிளப்பில் நடந்தது. 16 நாடுகள், ஒரே வாரம். இறுதியில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் மோதின. ஆளுக்கொரு ஒற்றையர் ஆட்டம் வென்று 1-1 என்று நின்றது. மீதி இருந்தது ஒரே ஒரு இரட்டையர் ஆட்டம். அதில் முதல் செட்டை விட்டுவிட்டு, இரண்டாவதை 13-11 என்று இழுத்துப் பிடித்து, மூன்றாவதையும் வென்றது அமெரிக்க ஜோடி. அந்த ஜோடியில் ஒருவர் பில்லி ஜீன் மாஃபிட். கல்யாணத்துக்குப் பிறகு பில்லி ஜீன் கிங். 1995-ல் ஃபெட் கோப்பை என்று பெயர் சுருங்கிய இந்தப் போட்டி, 2020 முதல் அவர் பெயரில்தான் நடக்கிறது.

இந்த 1-1 கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுக்க இதுதான் வரப்போகிறது.

இந்தியா எங்கே இருந்தது? ஆண்கள் அணி ராமநாதன் கிருஷ்ணன் காலத்தில் 1966-ல் டேவிஸ் கோப்பை இறுதிக்கே போய்விட்டது. 1974-ல் விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் இருந்த அணி மறுபடியும் இறுதிக்கு வந்து, தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை எதிர்த்து ஆட மறுத்தது. 1987-ல் மூன்றாவது முறை, அப்போது ரமேஷ் கிருஷ்ணனும் அணியில் இருந்தார். மூன்று அணிகளிலும் சென்னை வாசனை பலமாகவே உண்டு. ஆனால் பெண்கள் அணி ஃபெடரேஷன் கோப்பைக்குள் நுழைந்தது 1991-ல்தான். ஆடத் தெரிந்த பெண்கள் இல்லை என்று சொல்லவே முடியாது. 1934-லேயே லீலா ராவ் விம்பிள்டனில் ஒரு ஆட்டம் வென்றிருக்கிறார். 1952-ல் ரீட்டா தாவர் விம்பிள்டன் சிறுமியர் இறுதி வரை போனார். 1971-ல் நிருபமா மன்கட், ஆனந்த் அமிர்தராஜோடு சேர்ந்து விம்பிள்டன் கலப்பு இரட்டையரில் ஆடினார். தனித்தனியாக ஆள் இருந்தார்கள். அணியாகச் சேர்த்து அனுப்பத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

நாம் உள்ளே போன நேரமும் சரியில்லை. நாடுகள் பெருகிவிட்டதால் 1992-ல் கண்டவாரியாகத் தகுதிச் சுற்றைப் பிரித்துவிட்டார்கள். ஆசியாவும் ஓசியானியாவும் ஒரு மண்டலம். அதற்குள் முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு என்று படிகள். முதல் பிரிவில் முன்னணியில் வந்தால் பிளே-ஆஃப். அதையும் தாண்டினால்தான் பெரிய நாடுகளோடு ஆட முடியும். மேல்படிகளின் பெயரையும் எண்ணிக்கையையும் அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நமக்கு அது பெரிய பாதிப்பு இல்லை. நாம் நின்றது பெரும்பாலும் கீழ்ப்படிகளில்தானே.

மண்டலச் சுற்று நடக்கும் விதம் தனி. எல்லா அணியும் ஒரே ஊரில் கூடி ஒரே வாரத்தில் ஆடி முடித்துவிடும். இரு நாடுகள் மோதினால் மூன்று ஆட்டம். முதலில் இரு அணியின் இரண்டாம் நம்பர் வீராங்கனைகள், பிறகு முதல் நம்பர்கள், கடைசியில் இரட்டையர். மூன்றில் இரண்டு வென்றவர் கை ஓங்கும். வருடம் பூராவும் தனியாக உலகம் சுற்றி ஆடும் பெண்கள், இந்த ஒரு வாரம் மட்டும் ஒரு கேப்டனின் கீழ் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த வாரம் சரியில்லை என்றால் அடுத்த வருடம்தான்.

தொண்ணூறுகளில் இந்த அணியின் முக்கியமான முகம் நம்ம கோயம்புத்தூர் பெண் நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியை வென்று, நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதானச் சுற்றில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். அப்பாவே பயிற்சியாளர். பின்னாளில் எழுதிய சுயசரிதைக்கு 'தி மூன்பாலர்' என்று பெயர் வைத்தார். பந்தை நிலாவைத் தொடுகிற மாதிரி உயரத் தூக்கி அடித்து எதிராளியைப் பொறுமை இழக்க வைக்கும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர். அடுத்து 2003-ல் சானியா மிர்சா அணிக்குள் வந்தார். அவர் புகழ் எல்லாருக்கும் தெரியும், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். 2015 ஏப்ரலில் சானியா இரட்டையரில் உலகின் நம்பர் 1 ஆனார். அதே வாரம் ஹைதராபாத்தில் அவர் ஆடியது எந்தப் போட்டியில் தெரியுமா? ஆசியா/ஓசியானியா மண்டலத்தின் *இரண்டாம்* பிரிவில்! பிலிப்பைன்ஸை வென்று அணியை முதல் பிரிவுக்கு ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

ஒரு நட்சத்திரம் இருந்தால் போதாது என்பதற்கு 2018 பிப்ரவரி டெல்லியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அகமதாபாத்தின் அங்கிதா ரெய்னா அப்போது ஒற்றையர் தரவரிசையில் 253-வது இடம். சீனாவின் ஜூ லின்னை நேர் செட்டில் சாய்த்தார். அடுத்து கஜகஸ்தானின் யூலியா புடின்சேவா, தரவரிசை 81. அவரையும் மூன்று செட்டில் வென்றார். டெல்லிக் கூட்டம் கத்தித் தீர்த்தது. முடிவு? சீனாவிடம் 1-2 தோல்வி, கஜகஸ்தானிடமும் 1-2 தோல்வி. முதல் ஒற்றையரும் போச்சு, கடைசி இரட்டையரும் போச்சு. நடுவில் அங்கிதா செய்த அற்புதம் வெறும் '1' என்ற எண்ணாக நின்றது. கடைசியில் சீன தைபேயை வென்று கீழே இறங்காமல் தப்பித்தது இந்தியா.

இரண்டே வருடத்தில் கணக்கு திரும்பியது. 2020 மார்ச், துபாய். கொரோனாவால் சீனாவில் நடக்க வேண்டிய போட்டி இடம் மாறி மாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஆறு அணிகள், ஐந்து நாள், எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், முதல் இரண்டு இடத்துக்கு பிளே-ஆஃப். குழந்தை பெற்று, நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு சானியா இந்தப் போட்டிக்குத் திரும்பியிருந்தார். ஒரு கையில் ராக்கெட், இடுப்பில் மகன் என்று அவர் மைதானத்தில் நிற்கும் படம் அப்போது நிறையப் பேர் கண்ணில் பட்டிருக்கும்.

சீனாவிடம் தோல்வி. பிறகு உஸ்பெகிஸ்தான், தென்கொரியா, சீன தைபே என்று வரிசையாக வெற்றி. கடைசி நாள் இந்தோனேசியா. ருதுஜா போசலே 16 வயது பிரிஸ்கா நுக்ரோஹோவிடம் தோற்றார். சின்னப் பெண் என்று நினைக்க வேண்டாம், ஒரு மாதத்துக்குச் சற்று முன்னால்தான் ஆஸ்திரேலிய ஓப்பன் சிறுமியர் இரட்டையர் பட்டம் வென்றிருந்தவர். அங்கிதா ஆல்டிலா சுட்ஜியாடியை 6-3, 6-3 என்று முடித்தார். 1-1. மறுபடியும் இரட்டையர்! சானியா-அங்கிதா ஜோடி முதல் செட்டில் டை-பிரேக் வரை திணறியது. இரண்டாவது செட் 6-0. அணி நுழைந்து கிட்டத்தட்ட முப்பது வருடத்தில் இந்தியா பிளே-ஆஃபுக்குத் தகுதி பெற்றது அதுதான் முதல் தடவை.

இந்தச் சந்தோஷம் ஒரு நாள்கூட முழுசாக நிற்கவில்லை. மார்ச் 7 அன்று துபாய் ஆட்டம் முடிந்தது. மறுநாளே அமெரிக்காவில் இண்டியன் வெல்ஸ் போட்டி ரத்து, அதோடு உலகம் முழுக்க டென்னிஸ் நின்றுவிட்டது. ஒரு மாதத்தில் நடக்க வேண்டிய பிளே-ஆஃப் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் ஃபெட் கோப்பையின் 'ஹார்ட்' விருது சானியாவுக்குக் கிடைத்தது, இந்தியாவிலிருந்து அவர்தான் முதல் ஆள். பரிசுப் பணத்தைத் தெலங்கானா முதல்வர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார்.

2021 ஏப்ரலில் லாட்வியாவின் யுர்மாலா. எதிரே 2017 பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன் யெலெனா ஒஸ்டாபென்கோ. நம் அணியில் ஒற்றையரில் முதல் நூறுக்குள் ஒருத்தரும் இல்லை. அங்கிதா முதல் செட்டை 2-6 என்று விட்டு, இரண்டாவதை 7-5 என்று பிடுங்கி, மூன்றாவதை 5-7 என்று இழந்தார். இரண்டே கேம்! பிளே-ஆஃபில் மூன்று ஆட்டம் இல்லை, இரண்டு நாளில் ஐந்து ஆட்டம். அதாவது ஒற்றையர் நான்கு, இரட்டையர் ஒன்று. நம் பலம் இரட்டையர். நம் பலவீனத்துக்கு இரண்டு மடங்கு எடை, பலத்துக்கு அதே எடை. 1-3 என்று தோற்றதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அடுத்த கதவு திறக்க நான்கு வருடம் ஆனது. 2025 ஏப்ரல், புனே. சானியா 2023-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். முதல் நம்பராக சஹஜா யமலபள்ளி, இரண்டாம் நம்பராக ஸ்ரீவள்ளி ரஷ்மிகா பமிடிபட்டி. இந்த ஸ்ரீவள்ளி ஐந்து நாளில் ஐந்து ஒற்றையர் ஆட்டத்தையும் வென்றார். 2018-ல் நமக்கு எது ஓட்டையாக இருந்ததோ, அந்த முதல் ஆட்டம் ஒவ்வொரு நாளும் 1-0 என்ற முன்னிலையாக மாறியது. நியூசிலாந்திடம் மட்டும் தோல்வி. தாய்லாந்து, ஹாங்காங், சீன தைபே, தென்கொரியா நான்கையும் தாண்டி இரண்டாம் இடம்.

அதனால் அந்த நவம்பரில் பெங்களூரு எஸ்.எம்.கிருஷ்ணா ஸ்டேடியத்தில், சொந்த மண்ணில் பிளே-ஆஃப் ஆடக் கிடைத்தது. இந்த முறை ஐந்து ஆட்டமும் இல்லை, பழைய மூன்றேதான். ஆனால் வந்தவர்கள் ஸ்லோவேனியாவும் நெதர்லாந்தும். இருவரிடமும் தோற்று இந்தியா மறுபடி ஆசியா/ஓசியானியா முதல் பிரிவுக்கே திரும்பியது. மேலே போனது ஸ்லோவேனியா.

அதே 2025 பிப்ரவரியில், மும்பை ஓப்பனில் ஒரு 15 வயதுப் பெண் தகுதிச் சுற்றில் தொடங்கி அரையிறுதி வரை போனார். பெயர் மாயா ராஜேஷ்வரன் ரேவதி. ஊர், நிருபமா பிறந்த அதே கோயம்புத்தூர்.